திரையில் விசுவாசத்தைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு எச்சரிக்கை. கீழே பல படங்களின் முடிவு சொல்லப்படுகிறது. முடிவைத் தொடாமல் மன்னிப்பைப் பற்றியோ மீட்பைப் பற்றியோ பேச வழியில்லை. பார்க்க நினைத்திருக்கும் படம் ஏதாவது வந்தால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஒரு படத்தில் கிறிஸ்தவ விசுவாசம் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

ஒரு கதாபாத்திரம் தான் செய்யவே தேவையில்லாத ஒன்றைச் செய்யும் இடத்தைப் பாருங்கள். நியாயப்படி அவன் திருப்பி அடிக்கலாம், அடிக்க மாட்டான். தப்பி ஓடலாம், நிற்பான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. அந்தச் செயலுக்கு ஒரு விலை இருக்கும், அதை அவனே கொடுப்பான். சபையில் நாம் கிருபை என்று சொல்வது திரையில் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. வசனத்தில் தேடினால் அகப்படாது.

பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் 2002இல் எடுத்த படம் ஒன்று ஆங்கிலத்தில் ‘தி சன்’ (மகன்) என்ற பெயரில் கிடைக்கிறது. ஒலிவியே என்கிற தச்சர், தண்டனை முடிந்து வரும் பையன்களுக்கு ஒரு மையத்தில் மரவேலை சொல்லித் தருகிறார். புதிதாக ஒருவன் வந்து சேர்கிறான். பதினாறு வயது. ஐந்து வருடங்களுக்கு முன் கார் ரேடியோ திருடப்போன இடத்தில் ஒலிவியேயின் சின்ன மகனைக் கொன்றவன் அவன்தான். ஒலிவியேக்கு இது தெரியும், பையனுக்குத் தெரியாது. அவனைச் சேர்த்துக்கொண்டு உளியும் ரம்பமும் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். விஷயம் தெரிந்து பதறிப்போன முன்னாள் மனைவி, உலகத்தில் வேறு யாரும் செய்யாத காரியத்தை நீ ஏன் செய்கிறாய் என்று கேட்கிறாள். தெரியவில்லை என்கிறார். நடிப்பாக இல்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. கேமரா எப்போதும் அவருடைய பிடரிக்குப் பின்னாலேயே போகிறது, ஆகவே அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஓரிடத்தில் பையன் தரையில் ஒரு தூரத்தைக் காட்டி, இது எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறான். அவர் கண்ணாலேயே அளந்து சொல்கிறார். பையன் மடக்கு அடிக்கோலை விரித்து அளந்தால் கணக்கு சரியாக இருக்கிறது. அவன் முகத்தில் வருகிற ஆச்சரியத்தைப் பார்க்கும்போது நமக்குப் பகீரென்கிறது, ஏனென்றால் அவன் ஒரு அப்பாவைத் தேடுகிறான், அதுவும் இவரிடம். கடைசியில் மரக்கிடங்கில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். பையன் ஓடுகிறான், துரத்திப் பிடித்துக் கீழே தள்ளி அவன் கழுத்தில் கை வைக்கிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். திரும்பிப் போய்ப் பலகைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டிருக்கும்போது பையன் தானாக வந்து நிற்கிறான், பேசாமல் கூட வேலை செய்கிறான். படம் அதோடு முடிகிறது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, தேவன் என்ற சொல்லும் வரவில்லை. மன்னிப்பைப் பற்றி இதைவிட நெருக்கமாகப் பேசிய படம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

சிலுவை, விரித்த கைகள், 33 வயது: இவையெல்லாம் அடையாளங்கள்தானே?

அடையாளங்கள்தான். ஆனால் அவற்றை ஒட்டுவது சுலபம். ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) படத்தில் சூப்பர்மேன் தன் வயது 33 என்கிறார், இயேசு சிலுவையில் மரித்ததாகச் சொல்லப்படும் வயது. தேவாலயத்தில் உட்கார்ந்து பேசும்போது அவருக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடியில் கெத்செமனே தோட்டத்து இயேசு. விண்கலத்திலிருந்து கைகளை விரித்தபடி மிதந்து வருகிறார். விளம்பரத்தின் ஒரு பகுதியாகப் போதகர்களுக்கென்றே பிரசங்கக் குறிப்புகள்கூடத் தயாரித்துக் கொடுத்தார்கள். சரி, கடைசியில் என்ன நடக்கிறது? பாதி நகரம் இடிந்து விழுகிறது, எதிரியின் கழுத்து திருகப்படுகிறது. கெத்செமனேயில் பேதுரு உருவிய வாளை உறையில் போடச் சொன்னவருக்கும் இந்த முடிவுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று, 1938இல் முதன்முதலாக வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூத இளைஞர்கள். அழிவிலிருந்து காப்பாற்றப் பெற்றோர் ஒரு கலத்தில் வைத்து அனுப்பிய குழந்தை என்றால் நாணற்பெட்டியில் மிதந்த மோசேதான் முதலில் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

‘தி மேட்ரிக்ஸ்’ (1999) இன்னும் சுவாரசியமான கேஸ். அதில் வரும் கப்பலின் பெயர் நேபுகாத்நேச்சார். கப்பலின் தகட்டில் ‘மார்க் 3, எண் 11’ என்று பொறித்திருக்கும். மாற்கு 3:11ஐத் திறந்தால், அசுத்த ஆவிகள் இயேசுவுக்கு முன் விழுந்து, நீர் தேவனுடைய குமாரன் என்று கூப்பிடுகிற வசனம். ட்ரினிட்டி (திரித்துவம்) என்ற பெண், சீயோன் என்ற நகரம், செத்து எழும் நாயகன் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் மனிதனுடைய பிரச்சினை அறியாமை. உண்மை தெரிந்துவிட்டால் விடுதலை. பாவம் என்பதற்கோ மன்னிப்பு என்பதற்கோ அங்கே இடமே இல்லை. சொற்கள் வேதாகமத்திலிருந்து வந்தாலும், கதையின் எலும்புக்கூடு ஞானவாதத்துக்கும் (இரகசிய அறிவால்தான் மீட்பு என்ற பழைய கொள்கை) பௌத்தத்துக்கும்தான் பக்கம்.

மற்றபடி அடையாளங்களைக் கண்டுபிடிப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு, தப்பில்லை. ‘தி கிரீன் மைல்’ (1999) கதையில் குற்றமில்லாமல் சாகும் ஜான் காஃபியின் முதலெழுத்துகள் இயேசு கிறிஸ்துவின் ஆங்கில முதலெழுத்துகளாக இருப்பது தற்செயல் இல்லை என்று அதை எழுதிய ஸ்டீபன் கிங்கே சொல்லியிருக்கிறார்.

இல்லாததை இருப்பதாகக் கற்பனை செய்கிறோமோ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் விளக்கத்தை வைத்துப் படத்தின் சங்கடமான காட்சி ஒன்றை விளக்கிப் பாருங்கள். விளக்க முடிந்தால் அது படத்துக்குள் இருக்கிறது. அந்தக் காட்சியை மறந்தால்தான் விளக்கம் நிற்கும் என்றால் நீங்கள்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) இந்தச் சோதனையில் தேறுகிற படம். பதினெட்டு வருடங்களாகக் குழந்தையே பிறக்காத 2027ஆம் ஆண்டு உலகம். கீ என்ற அகதிப் பெண் தான் கர்ப்பமாக இருப்பதை மாட்டுத் தொழுவத்தில் நின்று காட்டுகிறாள். உடனே பெத்லகேம் என்று கிளம்பிவிட வேண்டாம். நான் கன்னி என்று அவளே சொல்லிச் சிரித்து அந்த ஒப்பீட்டைக் கிண்டல் செய்துவிடுகிறாள். பிறகு வரும் காட்சியைப் பாருங்கள். குண்டு பாயும் கட்டிடத்திலிருந்து குழந்தையோடு இறங்கி வருகிறார்கள். அழுகைச் சத்தம் கேட்டுச் சுடுவது நிற்கிறது. படைவீரர்கள் சிலுவை அடையாளம் போடுகிறார்கள், சிலர் முழங்காலிடுகிறார்கள். குழந்தை அவர்களைக் கடந்து போனதும், சற்று நேரத்தில் திரும்பவும் சுட ஆரம்பிக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை மனதில் வைத்துப் பார்த்தால் அந்தக் கடைசிப் பகுதி உறுத்தும். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் உறுத்தாது. அங்கேயும் குழந்தை பிறந்த பிறகுதான் ஏரோதின் வாள் வெளியே வருகிறது, குடும்பம் அகதியாக எகிப்துக்கு ஓடுகிறது. மூலக்கதையை எழுதிய பி. டி. ஜேம்ஸ் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். படம் நாவலிலிருந்து வெகுவாக விலகிப் போனாலும் அந்த வேர் அறுபடவில்லை.

இயக்குநர் விசுவாசியே இல்லையென்றால்?

அதனால் என்ன? பவுல் அத்தேனேயில் நின்று பேசும்போது கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துத்தான் தன் வாதத்தை வைத்தார் (அப்போஸ்தலர் 17:28). மத்தேயு சுவிசேஷத்தை அப்படியே எடுத்து 1964இல் படமாக்கிய பசோலினி ஒரு மார்க்சியர், நாத்திகர். படத்தைத் திருத்தந்தை 23ஆம் ஜானின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். சினிமாவுக்கு நூறு வயதானபோது 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. எடுத்தவரின் சாட்சியை விசாரிப்பதைவிட எடுத்த படத்தை விசாரிப்பதுதான் நமக்கு முடிந்த வேலை.

மன்னிப்பைப் பற்றித்தான் எல்லாப் படமும் பேசுகிறது. இதில் கிறிஸ்தவம் எங்கே தனியாகத் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கு மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச ஆசை.

முதலாவது கொரிய இயக்குநர் லீ சாங்-டாங்கின் ‘சீக்ரெட் சன்ஷைன்’ (2007). கணவனை இழந்த ஷின்-ஏ சின்ன மகனோடு புது ஊருக்குக் குடிவருகிறாள். மகனை ஒருவன் கடத்திக் கொன்றுவிடுகிறான். உடைந்து போனவளை ஒரு சபை தாங்குகிறது, அவளும் விசுவாசத்துக்குள் வருகிறாள், நிம்மதி கிடைக்கிறது. கொலைகாரனை நேரில் பார்த்து மன்னித்துவிட வேண்டும் என்று கையில் பூக்களோடு சிறைக்குப் போகிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெளிவாக, அமைதியாக இருக்கிறது. நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன், அவர் என்னை மன்னித்துவிட்டார், உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன் என்கிறான். வெளியே வந்தவள் மயங்கி விழுகிறாள். நான் மன்னிக்கும் முன்பே அவனை மன்னிக்க அவர் யார் என்பதுதான் அவள் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு திறந்தவெளி ஜெபக்கூட்டத்தில், எல்லாம் பொய் என்று பாடுகிற பழைய பாப் பாட்டின் சிடியைத் திருடிக் கொண்டுபோய் ஒலிபெருக்கியில் ஓட விடுகிறாள்.

இந்தப் படம் விசுவாசத்துக்கு எதிரானது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கைதியின் வாயில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் நம் சாட்சிக் கூட்டங்களில் கேட்டதுதான். குறைவது ஒன்றே ஒன்று: எதிரே உட்கார்ந்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்து, உன் பிள்ளையை நான் கொன்றேன் என்று அவன் நடுங்கவில்லை. ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று, மனந்திரும்பாமலே கிடைக்கும் மன்னிப்பைப் பற்றி எழுதினாரே, அதன் முகம் இப்படித்தான் இருக்கும். அப்புறம், அந்தப் படத்தில் ஜாங்-சான் என்று ஒரு கார் மெக்கானிக் வருகிறார். கொஞ்சம் அசடு. அவளுக்காகத்தான் சபைக்கே வர ஆரம்பித்தவர். அவள் விரட்டினாலும் போவதில்லை, அவள் சபையை விட்ட பிறகும் அவர் விடுவதில்லை. கிருபையைத் தேடுகிறவர்கள் பிரசங்க மேடையை விட்டுவிட்டு அவரைக் கவனித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது ‘டெட் மேன் வாக்கிங்’ (1995). சகோதரி ஹெலன் பிரேஜீன் என்ற கன்னியாஸ்திரீயின் உண்மை அனுபவங்களிலிருந்து எடுத்தது. மரண தண்டனைக் கைதி, இயேசு தனக்காகச் செத்துவிட்டார், இனி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கிறான். ஹெலன் விடவில்லை. மீட்பு என்பது இயேசு பணம் கட்டியதால் உனக்குக் கிடைக்கிற இலவச நுழைவுச் சீட்டு இல்லையப்பா, நீயும் அதில் பங்கெடுக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். கடைசி மணி நேரத்தில்தான் அவன் செய்ததைச் செய்தேன் என்று ஒத்துக்கொண்டு அழுகிறான். கொரியச் சிறையில் நடக்காதது இங்கே நடக்கிறது. அதற்காகக் கொல்லப்பட்டவர்களின் பெற்றோர் எல்லாரும் சமாதானமாகிவிடவில்லை. ஒரு தந்தை மட்டும், வெறுப்பை விட முடியாமலே, கடைசியில் ஹெலனோடு ஜெபிக்க வந்து முழங்காலிடுகிறார். வெறுப்பு போன பிறகு ஜெபிக்க வந்தவர் இல்லை அவர். ஜெபித்தால் போகுமா என்று பார்க்க வந்தவர்.

மூன்றாவது ‘விமன் டாக்கிங்’ (2022). மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒதுங்கி வாழும் ஒரு குடியிருப்பில் ஆண்கள் சிலர் பெண்களை மயக்க மருந்து கொடுத்துச் சீரழித்திருக்கிறார்கள். மன்னித்துவிடுங்கள், மன்னிக்காவிட்டால் பரலோகம் இல்லை என்கிறார்கள் மூப்பர்கள். வைக்கோல் பரணில் கூடி அந்தப் பெண்கள் பேசுவதுதான் படம். எழுதப் படிக்கத் தெரியாததால் படம் வரைந்து அதன் கீழே கோடு போட்டு ஓட்டுப் போடுகிறார்கள்: சும்மா இருப்பதா, இருந்து சண்டை போடுவதா, வெளியேறுவதா. ஒரு வயதான தாய் தன் மகளிடம், அடிக்கிற புருஷனைத் திரும்பத் திரும்ப மன்னிக்கச் சொல்லி உன்னைக் கட்டாயப்படுத்தினேனே என்று வருத்தம் தெரிவிக்கிற இடம் ஒன்று வரும். சபை நடத்துகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய காட்சி அது. மன்னிப்பை இன்னொரு தடவை அடிப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் விசுவாசத்தைத் தூக்கி எறியவும் இல்லை. ‘உம்மண்டை, கர்த்தரே’ என்று நாம் பாடுகிற அதே பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள். விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கிளம்பிப் போகிறார்கள்.

போதகரை, பாதிரியாரை மோசமாகக் காட்டும் படங்களைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். மத்தேயு 23ஐ வாசிப்பவர்களுக்கு இதில் அதிர்ச்சி என்ன இருக்கிறது? வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்று மதத் தலைவர்களைப் பார்த்துச் சொன்னவர் வெளியாள் இல்லை. ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ (1994) படத்தில் சிறை அதிகாரி கைதியின் கையில் வேதாகமத்தைத் திருப்பிக் கொடுத்து, இரட்சிப்பு இதற்குள் இருக்கிறது என்கிறார். கைதி அதற்குள்தான் சுவரைக் குடையும் சுத்தியலை ஒளித்து வைத்திருக்கிறான், பக்கங்களை வெட்டியிருப்பது, அடிமைகள் விடுதலையாகிப் புறப்படும் கதையான யாத்திராகமம் தொடங்கும் இடத்தில். வேதாகமத்தைக் கேலி செய்வதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். கேலிக்கு ஆளாவது அதை வைத்துக்கொண்டு கொள்ளையடித்த அந்த அதிகாரி.

அயர்லாந்துப் படமான ‘கால்வரி’ (2014) இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போகிறது. பாவசங்கீர்த்தன அறையில் ஒரு குரல்: சிறுவனாக இருந்தபோது ஒரு பாதிரியார் தன்னைச் சீரழித்தார், அவர் செத்துவிட்டார், கெட்ட பாதிரியாரைக் கொன்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அதனால் நல்லவரான உங்களை அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கொல்லப் போகிறேன். ஃபாதர் ஜேம்ஸ் அந்த வாரத்தை எப்படிக் கழிக்கிறார் என்பதுதான் கதை. ஊரை விட்டுப் போக விமான நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார். கடற்கரைக்கு நடக்கிறார், சுடப்படுகிறார். “அநீதியுள்ளவர்களுக்குப் பதிலாக நீதியுள்ளவராய்” என்ற பேதுருவின் வரியை (1 பேதுரு 3:18) இவ்வளவு கசப்பான நகைச்சுவையோடு யாரும் படமாக்கியதில்லை. நடுவில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு சாமர்த்தியமான வசனம் பேசுவது மட்டும் கொஞ்சம் ஓவர். கடைசியில் ஃபாதரின் மகள் (மனைவி இறந்த பிறகு குருவானவர் அவர்) சிறைக்குப் போய்க் கொலைகாரனுக்கு எதிரே உட்கார்ந்து தொலைபேசியை எடுக்கிறாள். என்ன பேசினாள் என்று நமக்குக் கேட்காது. ‘சீக்ரெட் சன்ஷைன்’ படத்துக் கண்ணாடித் தடுப்பையும் இதையும் ஒரே வாரத்தில் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

கிறிஸ்தவப் படம் என்று சொல்லியே எடுக்கிறார்களே, அவற்றைப் பார்த்தால் போதாதா?

அவற்றில் நல்லதும் உண்டு. ஆனால் பலவற்றில் கேள்வி கேட்கிறவன் முட்டாளாகவோ கெட்டவனாகவோ இருக்கிறான், கடைசி பத்து நிமிடத்தில் எல்லா ஜெபத்துக்கும் பதில் வந்துவிடுகிறது. ‘காட்ஸ் நாட் டெட்’ (2014) சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்து 6 கோடிக்கும் மேல் சம்பாதித்த படம். அதில் வாதத்தில் தோற்ற நாத்திகப் பேராசிரியரைக் கார் வேறு வந்து மோதுகிறது. தோற்றது போதாதா, பாவம்! யோபுவின் புத்தகத்தில் தேவனோடு வழக்காடினவனைத் தேவனே மெச்சுகிறார், அவருக்காக வக்காலத்து வாங்கின நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். இந்த வகைப் படங்களை எடுப்பவர்கள் அந்தக் கடைசி அதிகாரத்தை ஒரு தடவை வாசிக்கலாம்.

விசுவாசத்தில் தோற்றுப்போகிறவனைக் காட்டும் படம் எப்படி விசுவாசப் படமாகும்?

‘சைலன்ஸ்’ (2016) வெளிவந்தபோது இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டார்கள். ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோவின் 1966ஆம் ஆண்டு நாவல். மார்ட்டின் ஸ்கோர்செசி அதை 1988இல் கையில் வாங்கி, படமாக முடிக்க கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை இயேசுவின் உருவம் பதித்த பலகையை மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தால் உயிர் பிழைக்கலாம். மற்றவர்கள் சித்திரவதைப்படுவதை நிறுத்துவதற்காக ரோட்ரிகஸ் என்ற இயேசு சபைக் குருவும் மிதித்துவிடுகிறார். அது சரியா தப்பா என்ற வாதம் ஓயாது.

எனக்கு அந்தப் படம் ரோட்ரிகஸின் கதையாகப் படவில்லை, கிச்சிஜிரோவின் கதையாகத்தான் படுகிறது. அழுக்கு, குடி, பயம். மிதிப்பான், காட்டிக்கொடுப்பான், ஓடுவான், திரும்பி வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பான். குரு அருவருப்போடு மன்னிப்பு கொடுப்பார். மறுபடி காட்டிக்கொடுப்பான், மறுபடி வருவான். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னது பிரசங்கத்தில் கேட்க இனிமையாக இருக்கும். அந்த ஏழெழுபதில் பாதி கடக்கும்போது எதிரே நிற்கிறவன் எப்படி நாறுவான் என்று இந்தப் படத்தில்தான் பார்த்தேன். கடைசியில், எல்லாம் இழந்த ரோட்ரிகஸை இன்னும் ஃபாதர் என்று கூப்பிட்டு அவரிடம் வந்து நிற்கிற ஒரே ஆள் அவன்தான்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (2001–2003) விஷயமும் இதுதான். மூலக்கதையை எழுதிய டோல்கீன் கத்தோலிக்கர், தன் கதை அடிப்படையில் மதம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்று 1953இல் ஒரு இயேசு சபைக் குருவுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். ஆனால் அதை எங்கே பார்ப்பது? செத்துத் திரும்பும் மந்திரவாதி கேண்டால்ஃபைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். நான் எரிமலையின் விளிம்பைக் காட்டுவேன். அழிக்க வேண்டிய தீய மோதிரத்தை அவ்வளவு தூரம் சுமந்து வந்த ஃப்ரோடோ, இதை நெருப்பில் எறிய மாட்டேன், இது என்னுடையது என்கிறான். நாயகன் தோற்றுவிட்டான். காரியம் நடப்பது, கொன்றிருக்க வேண்டியவன் என்று எல்லாரும் சொன்ன, அந்த மோதிரத்துக்காகவே அலையும் கோல்லமை முன்பு இரக்கப்பட்டு விட்டுவைத்ததால். மனிதனுடைய பலம் தீர்ந்த இடத்தில் பழைய இரக்கம் ஒன்று வந்து வேலை செய்கிறது.

வன்முறையும் படுக்கையறைக் காட்சியும் இருக்கிற படங்களை என்ன செய்வது?

உண்மையுள்ளவை எவையோ, ஒழுக்கமுள்ளவை எவையோ அவற்றையே சிந்தியுங்கள் என்ற பிலிப்பியர் 4:8ஐ எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது உண்மை என்பதையும் கவனிக்க வேண்டும். நியாயாதிபதிகள் புத்தகத்தை உள்ளபடி படமாக்கினால் எந்தத் தணிக்கைக் குழுவும் சிறுவர்களுக்கு அனுமதிக்காது. ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ (2004) படத்துக்கே அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ்தான், பதினேழு வயதுக்குக் கீழிருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். அதே நேரம், உங்கள் மனம் எதைத் தாங்காது என்று உங்களுக்குத்தான் தெரியும். தாங்காது என்றால் விட்டுவிடுங்கள், நல்ல படம் என்று நான்கு பேர் சொல்வதற்காகப் பார்க்க வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு பார்க்கும்போது?

‘நார்னியா’ வரிசையின் முதல் படத்தை (2005) பார்த்து முடித்ததும், இதில் இயேசு யார் சொல்லு என்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளைகள் சிங்கம் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். எட்மண்டைப் பற்றிக் கேளுங்கள். இனிப்புக்காக அண்ணன் அக்கா தங்கையைக் காட்டிக்கொடுத்தவன் திரும்பி வந்தபோது மற்ற மூவரும் அவனிடம் எப்படி நடந்துகொண்டார்கள்? நீயாக இருந்தால் பேசியிருப்பாயா? அங்கே பேச்சு தானாக ஓடும்.

வாலிபர் கூட்டத்திலோ இளையோர் குழுவிலோ படம் போட்டுப் பேசுவது எப்படி?

முழுப் படம் வேண்டாம், ஒரு காட்சி போதும். ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’ (2010) படத்தில் ஒரு இரவு உணவுக் காட்சி இருக்கிறது. அல்ஜீரியாவின் திபிரின் மடத்தில் இருந்த பிரெஞ்சுத் துறவிகளின் உண்மைக் கதை. தீவிரவாதிகள் சூழ்ந்த நேரத்தில் ஊர் மக்களை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள். அவர்களில் ஏழு பேர் 1996இல் கொல்லப்பட்டார்கள், 2018இல் அருளாளர் பட்டம் பெற்றார்கள். அந்தக் காட்சியில் ஒருவர் வைன் கொண்டுவந்து வைக்கிறார், டேப் ரெக்கார்டரில் ‘ஸ்வான் லேக்’ இசையைப் போடுகிறார். யாரும் பேசுவதில்லை. கேமரா முகம் முகமாக நகர்கிறது. சிரிக்கிறார்கள், அப்புறம் கண் கலங்குகிறார்கள், கேமரா இன்னும் பக்கத்தில் போகிறது.

இதைப் போட்டுவிட்டு உடனே ராப்போஜனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காட்சி செத்துவிடும். யாருடைய முகம் ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் பயத்தைப் பார்த்திருப்பார், இன்னொருவர் சந்தோஷத்தை. அந்த இரண்டும் எப்படி ஒரே மேஜையில் இருக்க முடியும் என்று அவர்களே கேட்கும்வரை வேதாகமத்தைத் திறக்கத் தேவையில்லை. நடத்துகிறவர் பேசும் நேரம் குறையக் குறையக் கூட்டம் நன்றாக இருக்கும்.

சபையில் திரையிட அனுமதி வாங்க வேண்டுமா?

பெரும்பாலான நாடுகளில் வேண்டும். வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க்கும் சந்தாவும் பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. கட்டணம் வாங்காமல் காட்டினாலும் அதே விதிதான். உரிமையாளரிடமோ, சபைகளுக்கென்று உரிமம் தரும் நிறுவனங்களிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுவரை இப்படிப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’. 1987இல் வந்த டென்மார்க் படம், கேப்ரியல் ஆக்சல் எடுத்தது, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. புதிய படம் இல்லைதான், ஆனால் மேலே சொன்ன கனமான படங்களுக்கு முன்னால் இதுதான் நல்ல வாசல். பாரிஸிலிருந்து அகதியாக வந்து, கட்டுப்பாடான ஒரு சின்ன சபையின் இரண்டு சகோதரிகளுக்குப் பல வருடங்களாகச் சமையல் செய்து வந்த பாபெட்டுக்கு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. அத்தனையையும் ஒரே விருந்தில் செலவு செய்கிறாள். சாப்பிடுவதில் ஏதோ பாவம் இருக்கும் என்று பயந்து, உணவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபையார் முன்கூட்டியே சத்தியம் செய்துகொண்டு வந்து உட்காருகிறார்கள். பழைய பகை வைத்திருந்த கிழவர்கள் மூன்றாவது நான்காவது பதார்த்தம் வரும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். விருந்தாளியாக வந்த தளபதி எழுந்து, கிருபையும் சத்தியமும் ஒன்றையொன்று சந்திக்கும் என்ற 85ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார். சமைத்தவள் அந்த மேஜைக்கு வருவதே இல்லை, கடைசிவரை அடுப்படியிலேயே இருக்கிறாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில் இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

முதல் பாதி மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பசியோடு மட்டும் உட்காராதீர்கள்.